கண்டி பரிசுத்த பவுல் தேவாலயம்: அரசவை வளாகத்துக்குள் ஒரு செங்கல் கோபுரம்

"கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே ஒரு பழைய சிவப்புச் செங்கல் தேவாலயம் நிற்கிறது. அரசனின் அரண்மனையை இடித்துக் கட்டியது என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா? பார்ப்பதற்கு இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயம் போல்தான் இருக்கிறது. கட்டடக்கலை என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழிகாட்டி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்டி அரண்மனையின் முக்கியமான கட்டடங்கள் பல இன்றும் இருக்கின்றன. அரசன் வாழ்ந்த கட்டடம் தொல்பொருள் காட்சியகமாகிவிட்டது. அரசியரின் மாளிகை தேசிய நூதனசாலையாக இருக்கிறது. அரசியர் நீராடிய உல்பங்கே மண்டபம் வாவிக்கரையில் அப்படியே நிற்கிறது. மகுல் மடுவ எனப்படும் அரசவை மண்டபத்தைத் தலதா மாளிகைக்குப் போகிற எவரும் பார்க்காமல் திரும்ப முடியாது. ஆனாலும் வழிகாட்டியின் கதையில் பாதி உண்மை உண்டு. பரிசுத்த பவுல் தேவாலயம் எழுந்த நிலம், அரசும் தெய்வங்களும் ஒன்றாகக் குடிகொண்டிருந்த வளாகத்தைச் சேர்ந்தது. இந்தக் கட்டடத்தைப் பற்றி முதலில் பேச வேண்டியது இந்த இடத்தைப் பற்றித்தான். கோபுரமும் ஜன்னலும் பிறகு.

தேவ வீதியவில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் புத்தரின் பல்லைப் பாதுகாக்கும் தலதா மாளிகை. எதிர்ப்பக்கம் நாத தெய்வத்தின் கோயில். 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்தது. கண்டி நகரில் எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழைய கட்டடம். கல்லால் கட்டிய அதன் கருவறையையும் மேலே சிறு விமானத்தையும் பார்த்தவுடன் தென்னிந்தியக் கோயில் மரபு நமக்குப் பிடிபட்டுவிடும். அதையடுத்து பத்தினித் தெய்வத்தின் கோயில். நம் கண்ணகியைத்தான் சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். இவற்றுக்கு அடுத்ததாக, ஏறத்தாழ ஒரே வேலி வரிசையில், பரிசுத்த பவுல் தேவாலயம். ஒரு கல்லெறி தூரத்துக்குள் புத்தரின் தந்ததாது, நாதர், கண்ணகி, கிறிஸ்து. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு மத நல்லிணக்கம் என்று ஒரு படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்தத் தேவாலயம் இங்கே வந்த கதை அத்தனை இனிப்பானது அல்ல.

1815 பெப்ரவரி 14 அன்று ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். நான்கு நாளில் அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். கண்ணுச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட அவன், 1739 முதல் கண்டியை ஆண்ட மதுரை நாயக்கர் வழியில் கடைசி. வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். மார்ச் 2 அன்று கண்டிப் பிரதானிகளுடன் உடன்படிக்கை. அதன் ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயம் மீறப்படாமல் பாதுகாக்கப்படும் என்று வாக்குறுதி கொடுத்தது. அந்த உடன்படிக்கை நடந்த இடம் மகுல் மடுவ. அதே மண்டபத்தில்தான் பின்னர் ஆங்கிலேயர் தங்கள் ஞாயிறு ஆராதனையையும் நடத்தினார்கள்.

ஆம், தேவாலயம் கட்டுவதற்கு முன்பு கண்டியின் ஆங்கிலிக்கன் சபை கூடியது அரசனின் கொலு மண்டபத்தில். 1825இல் கல்கத்தாப் பேராயர் ரெஜினல்ட் ஹீபர் இலங்கைக்கு வந்தபோது அந்த மண்டபத்தில் ஆராதனை நடத்தினார். அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளியில் நீராடும்போது இறந்துபோனார். அங்கே பிஷப் ஹீபர் கல்லூரி என்று பெயர் நிலைத்திருப்பது இவருக்குத்தான். மகுல் மடுவவுக்குச் சுவர்கள் கிடையாது. செதுக்கிய மரத்தூண் வரிசைகள், மேலே பெரிய ஓட்டுக்கூரை, நான்கு பக்கமும் காற்று. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அரசன் முன் தலைகுனிந்து நின்ற பிரதானிகள் நின்ற இடத்தில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் முழங்கால் படியிட்டார்கள். இது நினைவிருக்கட்டும். நூறாண்டு கழித்து இதே சபையைச் சேர்ந்தவர்கள் இந்தச் சுவரற்ற மண்டபத்திடமே பாடம் கற்கப்போகிறார்கள்.

தேவாலயத்தின் வேலை 1843இல் தொடங்கியது. இரண்டு தரப்புக்கு அது தேவைப்பட்டது. ஒன்று, கண்டியில் நிலைகொண்டிருந்த படை. ஆரம்பத்தில் இது படைவீரர் தேவாலயமாகத்தான் இயங்கியது. மற்றது, கோப்பித் தோட்டம் போட வந்த துரைமார். 1840களில் கோப்பி ஆசை மலைநாட்டையே பிடித்து ஆட்டியது. காடு வெட்டப்பட்டது, நிலம் விற்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே மலையேறினார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். கட்டத் தொடங்கியபோது தீவில் ஆங்கிலிக்கன் பேராயரே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பு மறைமாவட்டம் 1845இல்தான் உருவானது; அதுவரை இலங்கைச் சபை சென்னைப் பேராயரின் கீழ் இருந்தது. முதல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன் வந்தபின் மலைநாட்டில் தேவாலயங்கள் வரிசையாக எழுந்தன. 1852இல் அவர் நுவரெலியா பரிசுத்த திரித்துவ தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

இப்போது அந்த 1840களின் இன்னொரு நிகழ்ச்சியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1818 ஊவாக் கிளர்ச்சிக்குப் பிறகு தந்ததாதுவைக் காவல்காத்தது ஆங்கிலேய அரசு. பேழையின் சாவி அரசாங்க அதிகாரியின் கையில். கிறிஸ்தவ அரசு ஒன்று புத்தரின் பல்லுக்குக் காவல் நிற்பதா என்று மிஷனரிகள் லண்டன்வரை குரல் எழுப்பினார்கள். 1847இல் அரசு தன் பொறுப்பைக் கைவிட்டு, தாதுவை மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் தலைமைப் பிக்குகளான மகாநாயக்கர்களிடமும், மாளிகையின் இல்லறப் பொறுப்பாளரான தியவடன நிலமேயிடமும் ஒப்படைத்தது. ஐந்தாம் பிரிவின் வாக்குறுதி என்னாயிற்று என்று கண்டி மக்கள் கேட்டதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. புதிய வரிகள் உடனடிக் காரணம். சமயக் கசப்பு அடியில் கனன்றுகொண்டிருந்தது. அரசு மீண்டும் தாதுவைத் தன் காவலில் எடுத்துக்கொண்டது. இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தாது இருந்த மாளிகைக்கு எட்டிய தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் நின்றது. வேறு இடமா இல்லை கண்டியில்? படைக்கு வசதி என்பது ஒரு காரணம்தான். யார் ஆள்கிறார்கள் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லும் இடம் இது என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

கட்டடக்கலைக்கு வருவோம். பாணி கோதிக், இன்னும் சரியாகச் சொன்னால் கோதிக் மறுமலர்ச்சி. இடைக்கால ஐரோப்பாவின் தேவாலயப் பாணியை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மறுபடியும் கையில் எடுத்தது. லண்டனில் நாடாளுமன்றக் கட்டடம் இந்தப் பாணியில் எழத் தொடங்கியது 1840இல். ஆக, கண்டித் தேவாலயம் அதன் காலத்துக்கு நல்ல புதுப் பாணி! ஒரு தலைமுறைக்கு முன்பு கட்டியிருந்தால் சென்னையின் பரிசுத்த ஜார்ஜ் பேராலயம் போலவோ எழும்பூர் பரிசுத்த அந்திரேயா ஆலயம் போலவோ வெள்ளைச் சுண்ணச் சாந்தும் உருண்டைத் தூண்களுமாக வந்திருக்கும். இங்கே வெள்ளைப் பூச்சே இல்லை. சுற்றியுள்ள மாளிகை மதில், விகாரை, பத்திரிப்புவ என்ற எண்கோண மண்டபம் எல்லாம் வெண்மை; நடுவில் பூசாத சிவப்புச் செங்கல். கண் முதலில் போவது அங்கேதான்.

கோதிக் பாணியின் உறுப்புகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஜன்னல்களும் வாசல்களும் உச்சியில் கூராக முடியும் வளைவுகள். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவு பாரத்தை அதிகம் கீழ்நோக்கித் தள்ளும், பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். மிஞ்சுகிற பக்க அழுத்தத்தைத் தாங்கச் சுவருக்கு வெளியே இடைவெளி விட்டு முட்டுச்சுவர்கள். முகப்பில் சதுரக் கோபுரம், அதன் உச்சியில் கோட்டை மதில்போல் பல்வரிசை. இங்கிலாந்தில் இதெல்லாம் கல்லில் செய்வது. கொத்தர் பூவும் கொடியுமாகக் குடைந்துவிடுவார். கண்டிப் பாறை கடினமான நைஸ் வகை, உளியோடு சண்டை போடும். செங்கல்லிலோ நுணுக்கம் எடுபடாது. அதனால் இந்தத் தேவாலயத்தில் அலங்காரம் குறைந்து வடிவத்தின் எலும்பு மட்டும் தெரிகிறது. இது குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதுவே பிடிக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் முட்டுச்சுவர் ஒன்றின் அருகே போய் நின்று பாருங்கள். நனைந்த செங்கல் கருஞ்சிவப்பாகி, இடையில் இருக்கும் சாந்துக் கோடுகள் வெளுத்துத் தெரியும். ஒவ்வொரு வரியும் எங்கே முட்டுச்சுவருக்குள் மடிகிறது என்பதை விரலால் தொட்டுப் பின்தொடரலாம். கட்டிய மேஸ்திரிகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களின் கை அந்த வரிகளில்தான் இருக்கிறது.

குறை என்று நான் சொல்வது வேறு. கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரம்தான். நுவரெலியாவைப் போல 1,800 மீட்டருக்கு மேலே இல்லை. நுவரெலியாவின் மூடுபனியில் கோதிக் தேவாலயம் பொருந்திப் போகும். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயமும் தேயிலைச் சரிவில் அழகாகவே அமர்ந்திருக்கிறது. கண்டியின் மார்ச் வெயிலில் தடித்த சுவருக்கும் ஒடுங்கிய ஜன்னலுக்கும் உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், புரியும். குளிர் நாட்டில் வெப்பத்தை உள்ளே வைத்துக்கொள்ளப் பழகிய அமைப்பு இது. பக்கத்திலேயே சுவரில்லாத மகுல் மடுவ நிற்கிறது. அங்கே சில காலம் ஆராதனை செய்துவிட்டும் அதிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லையே என்றுதான் தோன்றும்.

உள்ளே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று குழாய் ஆர்கன். மற்றது 1874இல் வைக்கப்பட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்: கிறிஸ்துவின் பிறப்பு, சிலுவை மரணம், கல்லறையில் தேவதூதன், விண்ணேற்றம் ஆகிய காட்சிகள். கோப்பித் தோட்டத்தை நிர்வகித்த ஒருவர் இறந்துபோக, அவருடைய தாய் மகன் நினைவாகக் கொடுத்தது.   வெயில் படும்போது அதற்கு எதிரே நின்றால் நீலமும் சிவப்பும் தரையில் சிந்திக் கிடக்கும். அந்த ஆண்டும் கவனிக்கத்தக்கது. கோப்பி இலைத்துரு நோய் 1869இல் மடுல்சீமைப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. விலை உயர்ந்துகொண்டே போனதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் கோப்பியே இல்லாமல் போயிற்று. ஒரு தொழில் உச்சத்தில் இருந்தபோது மாட்டிய கண்ணாடி அது.

சுவர்களில் உள்ள நினைவுக் கற்களையும் வாசியுங்கள். படை அதிகாரிகள், தோட்டத் துரைமார், அவர்களுடைய குடும்பத்தினர். கோப்பிக் காட்டில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்த நம் ஆட்களுக்கு இங்கே ஒரு வரியும் கிடையாது என்று நான் சொன்னால், அது இந்தத் தேவாலயத்தின் மேல் உள்ள கோபம் அல்ல. அவர்களுக்கு எங்குமே கல் இல்லை, அவ்வளவுதான். தமிழ்த் தொழிலாளரிடையே ஆங்கிலிக்கன் சபையின் வேலை 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கியது. முதலில் முனைந்தவர்கள் சில துரைமார். வேலை செய்ய வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, விடியற்காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், ஆட்கள் வரிசையாக நிற்கும்போது நாலு வார்த்தை சொல்வார்கள். மாலையில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் பாட்டும் ஜெபமும். கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் இல்லாத அந்தச் சபையின் வரலாறு கட்டடமாக நிற்கவில்லை. அதனால்தான் அதைத் தேடிப் போகிறவர்களும் குறைவு. 'கூலி' என்ற சொல்லைப் பிற்காலத்தில் மிஷனின் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள், நல்லதுதான்.

கட்டடக்கலை பற்றிய உங்கள் கேள்விக்கு முழு விடை வேண்டுமானால் இன்னொரு இடத்துக்கும் போக வேண்டும். கண்டி டிரினிட்டி கல்லூரியின் சிற்றாலயம். பரிசுத்த பவுல் தேவாலயத்தை அதோடு சேர்த்துப் பார்க்காதவர் பாதிதான் பார்த்தார் என்பேன். அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர், கிறிஸ்தவம் இங்கே அந்நியத் தோற்றத்தில் நிற்கக் கூடாது என்று நினைத்தவர். கல்லூரியில் இருந்த எல். ஜே. காஸ்டர் திட்டம் வரைந்தார். 1923இல் அடிக்கல், 1935இல் பிரதிஷ்டை. பக்கச் சுவர்களே கிடையாது. செதுக்கிய கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்க, மேலே கண்டிப் பாணியில் இரண்டு சரிவுள்ள ஓட்டுக்கூரை. எங்கோ பார்த்தது போல் இருக்கிறதா? மகுல் மடுவவும், மரத்தூண்களுக்குப் பேர்போன எம்பெக்கே கோயிலும் கல்லில் மறுபடி பிறந்திருக்கின்றன. பேராயர் ஹீபர் காலத்தில் வேறு வழியில்லாமல் புகுந்த மண்டபத்தை, நூறு ஆண்டுக்குப் பிறகு மனமார விரும்பிக் கட்டியிருக்கிறார்கள்.

அதன் சுவரோவியங்கள் டேவிட் பெயின்டர் வரைந்தவை. 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். டிரினிட்டியின் பழைய மாணவர். சீடர்களின் கால்களைக் கழுவுதல், நல்ல சமாரியன், சிலுவைக் காட்சி எல்லாம் நம் ஊர் வெளிச்சத்தில், நம் ஊர் உடம்புகளோடு நடக்கின்றன. கிறிஸ்துவுக்கு அவர் தாடி வைக்கவில்லை. அந்நாளில் இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள்; இன்று அவற்றைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

எது உயர்ந்த கட்டடம் என்று கேட்டால் தயங்காமல் டிரினிட்டி என்பேன். எது வரலாற்றை அதிகம் சொல்கிறது என்றால் பவுல் தேவாலயம். அது தான் நிற்கும் இடத்தோடு ஒட்டாமல் நிற்பதில்தான் அதன் சேதி இருக்கிறது. இன்று அந்த ஒட்டாமை பழகிப்போய்விட்டது. மாலை ஆறரை மணிப் பூசைக்குத் தலதா மாளிகையில் முழவும் ஹொரணா என்ற ஊதுகுழலும் முழங்கும்போது அந்த ஓசை தேவாலயத்துக்குள் வந்துவிடும். பெஞ்சில் ஜெபித்துக்கொண்டிருக்கும் பெண் தலைநிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. 1988இல் கண்டிப் புனித நகரத்தை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

போவதானால் இந்த வரிசையில் போங்கள். முதலில் மகுல் மடுவ. தூண் அடியில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு நாத கோயில், அதன் பிறகு பவுல் தேவாலயம். நேரம் இருந்தால் தலதா மாளிகைக்குப் பின்புறம், நூதனசாலையை ஒட்டி மேலேறும் பாதையில் உள்ள பழைய பிரித்தானியப் படையினர் மயானத்துக்கும் ஒரு நடை. 1815 உடன்படிக்கையின் பின்னணியில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜான் டொய்லி 1824இல் இறந்து அங்கே அடக்கமானார். காட்டு யானை கொன்ற ஒருவரின் கல்லும் அங்கே இருக்கிறது. வயதைக் குறித்துள்ள கற்களை வாசித்தால் இருபதையும் முப்பதையும் தாண்டாதவர்கள்தான் அதிகம். தேவாலயத்துச் சுவர்க் கற்கள் ஏன் அப்படிப் பேசுகின்றன என்பது அங்கே விளங்கும்.

டிரினிட்டி சிற்றாலயம் பள்ளி வளாகத்துக்குள் இருப்பதால் வாசலில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள், முன்கூட்டியே அலுவலகத்தில் பேசி வைப்பது நல்லது. பவுல் தேவாலயத்துக்கு ஞாயிறு காலை போனால் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது; வாரநாள் காலையே சரி. தலதா மாளிகையின் திருவிழா ஊர்வலமான எசல பெரஹரா நடக்கும் நாட்களில் தேவ வீதியப் பக்கம் வண்டிகளுக்கு வழி இருக்காது, கூட்டமும் நெரிக்கும். தேவாலயத்துக்காக மட்டும் வருவதென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.